வெப்பநிலை இறங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரு சாயப்பட்டறையில் வெந்நீர் லைனின் வெப்பநிலை நிலைகொள்ளவில்லை என்று என்னை அழைத்திருந்தார்கள். செட்பாயின்ட், அதாவது இருக்க வேண்டிய வெப்பநிலை, 80 டிகிரி செல்சியஸ். ஆனால் இரண்டு சாய மெஷின்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினால் அது 71 வரை இறங்கி, பின்னர் 86 வரை ஏறியது. செட்பாயின்ட்டிலிருந்து வெப்பநிலை விலகும் அளவைப் பார்த்து நீராவி வால்வைத் தானாகத் திருத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலரின் மதிப்புகளை அதற்குள் மூன்று பேர் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். இரவு ஷிப்ட் ஆபரேட்டர் மட்டும், மெஷினில் தண்ணீர் திறக்கும் ஓசை கேட்டதுமே கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு நீராவி வால்வைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவிடுவார். அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கையால் செய்ததற்குப் பெயர்தான் ஃபீட் ஃபார்வர்டு: வெப்பநிலை விலகும் முன்பே, விலகலுக்கான காரணத்தைப் பார்த்துத் திருத்துவது.

பி.ஐ.டி. என்பது வெப்பநிலை விலகிய பிறகே அசையும். கூடுதலாகப் பாயும் நீர், நீராவியால் அதைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கடந்து, அதன் குளிர்ச்சியைத் தெர்மோவெல் என்ற காப்புக் குழலுக்குள் இருக்கும் சென்சார் உணர்வதற்குள் பல விநாடிகள் போய்விடும். 1942-இல் சீக்லரும் நிக்கோல்ஸும் வெளியிட்ட, பி.ஐ.டி. மதிப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனிங் விதிகளோ இன்றைய ஆட்டோ ட்யூனிங்கோ அந்தத் தாமதத்தை இல்லாமல் ஆக்காது.

ஆனால் நீரோட்டத்தை முன்கூட்டியே அளக்கலாம். மணிக்கு 10 டன் நீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க, 3 பார் நீராவி ஏறத்தாழ 980 கிலோ வேண்டும். ஓட்டம் 15 டன் ஆனால் 1,470 கிலோ. ஃப்ளோ மீட்டர் மாற்றத்தைக் காட்டியவுடன் இந்தக் கணக்கின்படி வால்வைத் திறந்து, குழாய் வழியே இழக்கும் வெப்பம், டியூபில் படியும் உப்பு, நீராவி அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் போன்ற கணக்கில் வராதவற்றைச் சரிசெய்யும் வேலையைப் பி.ஐ.டி.யிடம் விட்டோம். ஊசலாட்டம் 2 டிகிரிக்குள் அடங்கியது.

இதில் பலர் சறுக்குவது வால்வில்தான். திறக்கத் திறக்க ஓட்டம் மேலும் மேலும் வேகமாகக் கூடும் ஈக்வல் பர்சென்டேஜ் வால்வில் பாதித் திறப்பு என்பது பாதி நீராவி அல்ல. ஆகவே திறப்புக்கும் ஓட்டத்துக்குமான அட்டவணையைக் கன்ட்ரோலரில் முதலில் ஏற்ற வேண்டும். கணக்கிட்ட மாற்றத்தில் 80 சதவீதத்தை மட்டும் கொடுத்துத் தொடங்குவது என் வழக்கம், ஏனெனில் மிகைத் திருத்தம் குறைத் திருத்தத்தைவிடத் தொல்லை தரும்.

இன்னொன்று, ஃப்ளோ மீட்டரின் கேபிள் அறுந்தால் ஓட்டம் பூஜ்யம் என்று நம்பி வால்வு மூடிக்கொள்ளும். ஓட்டம் பூஜ்யமானாலும் மீட்டரின் சிக்னல் 4 மில்லி ஆம்பியர் இருக்கும்; அதற்குக் கீழே தெளிவாக இறங்கினால், கடைசி மதிப்பைப் பிடித்துவைத்து, அலாரம் அடித்து, பி.ஐ.டி. தனியே ஓடும்படி அமையுங்கள். ஒப்படைப்பதற்கு முன் அந்தக் கேபிளை ஒருமுறை நீங்களே கழற்றிப் பாருங்கள்.