ஆறாம் பந்துக்கு 71 நொடி

9-பால் பூல் ஆட்டம், பந்துகளை எண் வரிசைப்படி அடிக்க வேண்டும், ஒன்பதாம் பந்தைப் போட்டவருக்கு அந்த ரேக். ஸ்கோர் 7-7, ரேஸ் டு 9, அதாவது முதலில் ஒன்பது ரேக் எடுப்பவர் ஜெயிப்பார். டேபிளில் மிச்சம் நான்கே பந்து. ஆறாம் பந்து மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஊதினால் விழுந்துவிடும். க்யூ கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து, அதாவது க்யூ பால், அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. ஆட்டக்காரர் டேபிளை ஒரு சுற்று சுற்றி வருகிறார், ஏழாம் பந்துப் பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறார், திரும்பி வந்து க்யூ முனையில் சாக் தேய்க்கிறார், குனிகிறார், க்யூவை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டுகிறார், நிமிர்ந்துவிடுகிறார். மறுபடி ஏழாம் பந்து. மறுபடி சாக். நான் அடுத்த டேபிளுக்கு ரெஃப்ரீ, அங்கே பிரேக்குக்கு (ரேக்கின் முதல் அடிக்கு) இன்னும் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அதனால் சும்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 71 நொடி கழித்து அடித்தார். பந்து விழுந்தது, க்யூ பால் எங்கே போய் நிற்கும் என்று அங்கிருந்த எல்லோரும் நினைத்தோமோ அங்கேயே போய் நின்றது.

எதிராளி நாற்காலியில் இருந்தவன் என்னிடம் பயிற்சிக்கு வருகிற பையன். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் துண்டால் க்யூவைத் துடைத்தான், அப்புறம் தண்ணீர் குடித்தான், கடைசியில் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த மெதுவான ஆட்டக்காரர் எட்டாம் பந்தைத் தவறவிட்டபோது பையன் எழுந்து போய் அதைச் சுலபமாகப் போட்டான், ஒன்பதாம் பந்து நேர்க்கோட்டில் இருந்தது, பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பந்து, அதை விட்டுவிட்டான். ஆட்டம் முடிந்து வெளியே வந்து சொன்னான்: "சார், இருபது நிமிஷமா க்யூவையே தொடலை. எழுந்து போறப்போ கை என் கை மாதிரியே இல்லை." ஆறின கஞ்சி பழங்கஞ்சிதானே.

இதை எழுதக் காரணம் அந்த ஒரு ஆட்டம் மட்டும் இல்லை. ஷாட் க்ளாக் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரக் கெடு வைக்கும் கடிகாரம்) பிடித்தும் ரெஃப்ரீயாக நின்றும் பார்த்த வரையில், மெதுவாக ஆடுகிறவர்கள் கஷ்டமான ஷாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எதிராளிக்கு நல்ல ஷாட் கிடைக்காதபடி சேஃப்டி ஆடுவதா, டேபிள் விளிம்பில் மோதித் திரும்பும்படி பேங்க் அடிப்பதா என்று யோசிக்க ஒரு நிமிடம் ஆனால் ஆகட்டும், பார்வையாளர்களும் கூடவே யோசித்துக்கொண்டிருப்பார்கள். நேரம் ஓட்டையாய் ஒழுகுவது வேறு இடத்தில்: ஏற்கெனவே முடிவாகிவிட்ட சுலபமான ஷாட்டுக்கு முன்னால். அங்கே நடப்பதற்கு யோசனை என்று பெயரில்லை, பயம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் உடனே. உண்மைதான், ஆனால் நிதானம் வேறு, தாமதம் வேறு. ஜெர்மனியின் ரால்ஃப் சூக்கே, 1996-இல் உலக 9-பால் சாம்பியன், 'சர்ஜன்' என்றே பட்டப்பெயர் வாங்கியவர், நிதானத்துக்குப் பேர்போனவர். அவர் ஆட்டத்தைக் கவனித்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே சடங்கு, ஒரே தாளம். எதிராளிக்கும் அந்தத் தாளம் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும். நான் சொல்கிற தாமதத்துக்குத் தாளமே கிடையாது, ஒரு ஷாட் 12 நொடி, அடுத்தது 80, அதற்கடுத்தது 15. நாற்காலியில் இருப்பவனைக் கொல்வது அதுதான். மறுபக்கம் மால்டாவின் டோனி டிராகோ, டேபிளைச் சுற்றி ஏறக்குறைய ஓடியே ஆடுகிறவர், 2003-இல் வேர்ல்ட் பூல் மாஸ்டர்ஸ் ஜெயித்தார், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மோஸ்கோனி கோப்பையில் 2007-இல் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். வேகமாக ஆடினால் விளங்காது என்பவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மோஸ்கோனி என்றதும் இன்னொன்று. அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி 1954-இல் ஒஹையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்ட்ரெயிட் பூலில் (எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் போடலாம்) தொடர்ச்சியாக 526 பந்து போட்டார், சுமார் 2 மணி 10 நிமிடத்தில் என்பது பதிவு. வகுத்துப் பாருங்கள், பந்துக்கு 15 நொடிதான் வருகிறது, அதிலும் நடுநடுவே ரேக் அடுக்கிய நேரம் சேர்த்தி. ஆட்டம் வேறு, டேபிளும் சின்னதான 8 அடி டேபிள், ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லைதான். ஆனாலும் அவர் பெயரில் இன்று நடக்கும் கோப்பையில் ஒரு ஷாட்டுக்கு 30 நொடி தருகிறார்கள், அது பத்தவில்லை என்று முணுமுணுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, விதி என்ன சொல்கிறது? உலக பூல் சங்கமான டபிள்யூ.பி.ஏ. விதிப்படி, ஒருவர் ரொம்ப மெதுவாக ஆடுகிறார் என்று ரெஃப்ரீக்குத் தோன்றினால் வேகப்படுத்தச் சொல்லலாம். அப்படியும் மாறவில்லை என்றால் ஷாட் க்ளாக் போடலாம். ஷாட்டுக்கு 35 நொடி, 10 நொடி இருக்கும்போது குரல் கொடுக்க வேண்டும், ரேக்குக்கு ஒரு முறை 25 நொடி எக்ஸ்டென்ஷன். பந்துகள் எல்லாம் நின்ற பிறகுதான் க்ளாக் ஓட ஆரம்பிக்கும், இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும் பந்து உட்பட. நேரம் தாண்டினால் ஃபவுல், 9-பாலில் எதிராளிக்கு பால் இன் ஹேண்ட், அதாவது க்யூ பாலை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். மேட்ச்ரூம் நிறுவனம் நடத்தும் போட்டிகளில் 30 நொடி, பிரேக்குக்கு அடுத்த ஷாட்டுக்கு மட்டும் 60.

எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் க்ளாக் போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும், தப்பு செய்யாதவனும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஆட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், க்ளாக் பெரும்பாலும் டிவி டேபிளில்தான் இருக்கும். யு.எஸ். ஓப்பன் பூல் மாதிரி 256 பேர் ஆடும் போட்டியில் மற்ற டேபிள்களுக்கு ஆளுக்கொரு ரெஃப்ரீ கிடையாது, ஒரு அதிகாரி பல டேபிள்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். அப்படியானால் புகார் சொல்ல வேண்டியது நாற்காலியில் இருப்பவன். எழுந்து போய், ஆளைத் தேடி, சொல்லி, அவர் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்து (அவர் நிற்கிற அந்தப் பத்து நிமிடம் மட்டும் எல்லோரும் டோனி டிராகோ ஆகிவிடுவார்கள்), இதற்குள் புகார் சொன்னவனின் கவனம் மொத்தமும் போயிருக்கும். அதனால் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறப்பதே இல்லை. அந்தப் பையனும் திறக்கவில்லை.

ஒருவர் வேண்டுமென்றே இழுக்கிறாரா, சுபாவமே அப்படியா என்பதை வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்னூக்கரில் 2005 உலக சாம்பியன்ஷிப் காலிறுதி இதற்குப் பழைய உதாரணம்: ரானி ஓ'சல்லிவனிடம் 8-2 என்று பின்தங்கியிருந்த பீட்டர் எப்டன் கடைசியில் 13-11 என்று ஜெயித்தார். நடுவில் 12 புள்ளி எடுக்க 5 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார், அதே ஓ'சல்லிவன் 1997-இல் ஸ்னூக்கரின் உச்ச பிரேக்கான முழு 147 புள்ளியையும் ஏறக்குறைய அதே நேரத்தில் முடித்திருந்தவர். எப்டன் விதியை மீறியதாக யாரும் தண்டிக்கவில்லை. என் கருத்து, மனசுக்குள் என்ன இருந்தது என்ற விசாரணையே வேண்டாம். கடிகாரம் எல்லாருக்கும் ஒன்றுபோல ஓடினால் அந்தக் கேள்வியே எழாது.

க்ளாக்கில் மாட்டாத நேரமும் உண்டு. டெம்ப்ளேட் (பந்துகளை இடத்தில் நிறுத்தும் மெல்லிய தாள்) வைக்காமல் முக்கோணத்தில் அடுக்கினால் ரேக் அடுக்குவது ஒரு தனி நாடகம், ஒன்றாம் பந்துக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி என்று திரும்பத் திரும்ப அடுக்குவார்கள், எதிராளி வந்து குனிந்து பார்ப்பார், திருப்தி இல்லை என்பார். கழிப்பறை இடைவேளை இன்னொன்று. எதிராளி வரிசையாக மூன்று ரேக் எடுத்ததும் சிலருக்குச் சரியாக அப்போதுதான் அவசரம் வரும்.

ஒரு கணக்கு. 15 ரேக் போகும் ஆட்டம், ரேக்குக்கு 12 ஷாட் என்று வைத்துக்கொள்வோம். ஷாட்டுக்கு 15 நொடி கூடினால் மொத்தம் 2700 நொடி, 45 நிமிடம். ஒரே டேபிளில் ஒரு நாளைக்கு இப்படி ஐந்து ஆட்டம் நடந்தால் அதற்கடுத்த ஆட்டம் மூன்றே முக்கால் மணி தாமதம். இரவு 8 மணிக்கு ஆட வேண்டியவன் நடுநிசியை ஒட்டி பிரேக் அடிப்பான், மறுநாள் காலை 10 மணிக்கு அடுத்த சுற்று. யாரோ ஒருவர் ஆறாம் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்ததற்கு, அவரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவன் தூக்கத்தைக் கொடுக்கிறான்.

பயிற்சியில் நான் செய்வது சின்ன விஷயம்தான். பையன்கள் ஆடுவதை ஃபோனில் எடுத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரம் குறிக்கச் சொல்வேன், அவர்களையே. வேகமாக ஆடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவன் தன் சராசரியைப் பார்த்து ஃபோன் தப்பு என்றான். பிரேக் முடிந்ததும் நின்றபடியே மொத்த ரேக்கையும் கடைசிப் பந்து வரை திட்டம் போட்டுவிட வேண்டும், நேரம் எடுக்க வேண்டிய இடம் அதுதான். அதற்கப்புறம் க்யூ பால் நினைத்த இடத்தில் நின்றிருந்தால் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை. முடிவு நிற்கும்போதே எடுக்க வேண்டும், குனிந்தபின் சந்தேகம் வந்தால் எழுந்துவிடலாம், தப்பில்லை, ஆனால் ஒரே ஷாட்டில் இரண்டாம் முறை எழுந்தால் அது வேறு வியாதி. அடிப்பதற்கு முன் பார்வை பந்தில் நிலைத்து நிற்பது முக்கியம், கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 'குவைட் ஐ' என்று பெயர் வைத்தது இதற்குத்தான், தேர்ந்தவர்களின் பார்வை மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் நிலைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லி 70 நொடிக்கு நியாயம் தேட முடியாது. அது ஓரிரு நொடி விவகாரம்.

நாற்காலிக்கும் பயிற்சி வேண்டும் என்று அந்தப் பையனுக்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது. இப்போது நடுவில் பத்து நிமிடம் உட்கார வைத்து, உடனே எழுப்பி நேர் ஷாட் ஒன்று கொடுக்கிறேன். முதல் வாரம் பாதிக்கு மேல் போகவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே விரல்களை மடக்கி விரிப்பது, எழுந்ததும் அவசரப்படாமல் டேபிளை ஒரு சுற்று நடப்பது என்று பழகிய பிறகு கொஞ்சம் தேவலை.

போன மாதம் ஒரு போட்டி நடத்துகிறவர் யோசனை கேட்டார். முதல் சுற்றிலிருந்தே எல்லா டேபிளிலும் க்ளாக் வையுங்கள் என்றேன். "அத்தனை பேருக்கு ஆளுக்கு எங்கே சார் போறது?" என்றார். செஸ் கடிகாரம் வாங்குங்கள், ஆளுக்கு மொத்தம் ஒரு மணி நேரம், ஒருவர் டேபிளை விட்டு வந்ததும் தன் பக்கப் பொத்தானைத் தட்டிவிட்டு உட்காரட்டும், ஆளே வேண்டாம் என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.