சௌத் ஜார்ஜியாவில் இறங்க என்னென்ன விதிகள்?

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆளும் தீவு சௌத் ஜார்ஜியா (அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது, அது தனிக்கதை). அங்கே குடிமக்கள் என்று யாரும் கிடையாது. ஆய்வாளர்களும் சில அரசு அதிகாரிகளும் முறை வைத்து வந்து தங்கிப் போவதோடு சரி. ஆளே இல்லாத இடத்துக்கு எதற்கு இத்தனை கெடுபிடி என்று கேட்டால், காரணம் எலி.

சீல், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்த எலிகள், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, குஞ்சு எதையும் விட்டுவைக்கவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத சௌத் ஜார்ஜியா நெட்டைக்காலி என்ற சிறு பறவை பெரும்பாலும் எலி ஏறாத குட்டித் தீவுகளில் ஒதுங்கித்தான் பிழைத்தது. 2011 தொடங்கி 2015 வரை ஹெலிகாப்டரில் விஷ இரை தூவி, எலி ஒழிந்தது என்று 2018-இல்தான் அறிவித்தார்கள். சினையாக ஒரே ஒரு எலி கரையேறினால் போதும், அத்தனையும் வீண்.

அதனால் பெர்மிட் இல்லாமல் யாரும் இறங்க முடியாது. சொகுசுக் கப்பலோ சின்னப் பாய்மரப் படகோ, பயணத்தை நடத்துபவர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் ஆட்களை இறக்கவே கூடாது. மற்றவற்றிலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது.

அப்புறம் சோதனை, எலி மட்டுமல்ல, வெளியூர் விதையும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. பூட்ஸின் அடிப்பள்ளங்கள், பாக்கெட்டின் மூலைகள், பையின் தையல், ஜாக்கெட்டின் வெல்க்ரோ என்று ஒன்று விடாமல் பார்க்கிறார்கள். இதில் வெல்க்ரோதான் ஆபத்து: அந்தக் கொக்கிகளுக்குள் புல் விதை சிக்கிக்கொண்டால் தட்டினாலும் விழாது, ஊசியோ இடுக்கியோ வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பலருக்கு இது எரிச்சல்தான், ஆனால் என்னைக் கேட்டால் மொத்த விதிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான், ஏனென்றால் வேர்விட்டுப் பரவிய களையை அங்கே ஆள் அனுப்பி அழிப்பது பெரும்பாடு. இரவில் நிற்கும் கப்பல்கள் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடற்பறவைகள் வந்து மோதும்.

கடலுக்கும் சட்டம் உண்டு. சுற்றியுள்ள கடல் 2012-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. கடல்தரையை வாரும் இழுவலைக்குத் தடை. தூண்டில் வரிசை போட்டு மீன் பிடிப்பவர்கள் குளிர்காலத்தில்தான் போடலாம், ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகள் குஞ்சு வளர்க்கும் கோடையில், அவை சிக்கிவிடும் என்பதால், தூண்டில் கொக்கிகள் தண்ணீரில் இருக்கக் கூடாது.