மஜ்ஜையின் பிடி தளரும்போது

இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களின் இருப்பிடம் எலும்பு மஜ்ஜை; இரத்த ஓட்டத்தில் அவை இயல்பாக மிகச் சொற்பமாகவே திரிகின்றன. ஆனால், மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு, மஜ்ஜையையும் சேர்த்து அழிக்கும் கடும் கீமோதெரபி கொடுத்தபின் அவருடைய குருத்தணுக்களையே திரும்பச் செலுத்த வேண்டுமானால், உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் குருத்தணுக்களை முன்னதாகவே சேகரித்து உறையவைத்திருக்க வேண்டும். மருத்துவர்கள் விரும்புவது 40, 50 லட்சம்.

அஃபெரெசிஸ் இயந்திரம் இரத்தத்தைச் சுழற்றி, குருத்தணுக்கள் அடங்கிய அடுக்கைப் பிரித்துக்கொண்டு மீதியை உடலுக்கே அனுப்புகிறது. ஓடும் இரத்தத்தில் இல்லாததை அது பிடிக்க முடியாது. ஆகவே விளைச்சலைப் பெருக்கும் வேலை மஜ்ஜைக்குள்தான் தொடங்குகிறது.

மஜ்ஜையின் துணைச் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்-12 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. குருத்தணுவின் மேற்பரப்பிலுள்ள சி.எக்ஸ்.சி.ஆர்-4 என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொள்வதால்தான் குருத்தணு அங்கேயே தங்குகிறது. மஜ்ஜையைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஜி-சி.எஸ்.எஃப் ஊசியை நாள்தோறும் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் போட்டுவந்தால் அந்தப் புரதம் குறைந்து, நான்கைந்து நாளில் குருத்தணுக்கள் இரத்தத்துக்குள் இறங்குகின்றன. இந்நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் வரும் எலும்பு வலி பலருக்குக் கடுமையானது. அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நோயாளிக்குச் செய்யும் பேருதவி.

முன்பு மைலோமாவுக்கான லெனலிடோமைடு மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இந்த ஊசி மட்டும் போதாமல் போவதுண்டு. அங்கேதான் பிளெரிக்சாஃபர் என்னும் மருந்து கைகொடுக்கிறது. அது ஏற்பியையே நேரடியாக அடைத்துவிடுகிறது. எச்.ஐ.வி. கிருமியைத் தடுப்பதற்காக ஆராயப்பட்ட இந்த மருந்தைப் பெற்றவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் எதிர்பாராமல் பெருகியதைக் கண்டே ஆய்வாளர்கள் அதன் இன்னொரு பயனை உணர்ந்தனர். 2008-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. ஜி-சி.எஸ்.எஃப் நான்கு நாள் போட்டபின், சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு, அதாவது முந்தைய இரவில், இதைச் செலுத்துகிறார்கள்.

எப்போது சேகரிப்பது என்பதை வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்வது நம்பகமானதல்ல. குருத்தணுக்களுக்கு அடையாளமான சி.டி.34 என்னும் புரதத்தைத் தாங்கிய அணுக்களை எண்ண வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் அவை 10-க்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அன்றைய சேகரிப்பு ஏமாற்றமளிக்கும்.

எண்ணிக்கை போதுமானதாக இருந்தால், உடலின் மொத்த இரத்த அளவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இயந்திரத்தின் வழியே செலுத்தலாம். அந்தச் சில மணி நேரத்தில் மஜ்ஜையிலிருந்து புதிய குருத்தணுக்கள் வந்துகொண்டே இருப்பதால், தொடக்கத்தில் இரத்தத்தில் இருந்ததைவிட அதிகம் கிடைப்பதுண்டு. இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் உதடும் விரல்நுனியும் மரத்துப்போகக்கூடும். அதனால் சேகரிப்பு நடக்கும்போதே கால்சியமும் கொடுக்கப்படுகிறது.