காற்று எந்தப் பக்கம் திரும்பும்?

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எல்லார் கண்ணும் தென்கிழக்கு வானத்தின் மேல்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் ஃபைபர் படகுகள் மணல்மேட்டுக்கு ஏறிவிடும். விசைப்படகுகள் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். ஆனால் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கும் பாய்மர உல்லாசப் படகான யாட்டை மணலில் இழுத்துப் போட முடியாது. அது எங்காவது போய் ஒதுங்கியாக வேண்டும்.

எங்கே என்பதுதான் சிக்கல். படகுக்குக் காற்றைவிட அலைதான் பெரிய எதிரி. காற்று தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடிவருகிறதோ, அலையும் அந்த அளவுக்கு வளரும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று என்னதான் வீசினாலும், அது நிலத்திலிருந்து வருவதால் கரையோரத்தில் பெரிய அலை எழுப்ப இடமே இருக்காது. அதே வேகத்தில் வடகிழக்கிலிருந்து வீசினால், வங்காள விரிகுடா முழுவதையும் தாண்டி வந்த அலை மெரினாவில் மோதும். நம் கரையோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரானது, ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. சென்னைத் துறைமுகமே கல்லைக் கொட்டிக் கட்டியது. அந்தக் கல்லணையையும் 1881-இல் ஒரு புயல் சிதைத்துப் போட்டது.

சரி, நங்கூரம் போட்டு நின்றுவிடலாமா? காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அதன் தள்ளுவிசை ஒன்பது மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் சும்மா நின்ற படகு, 90 கிலோமீட்டரில் ஒன்பது படகுகளின் இழுப்பை ஒரே சங்கிலியில் போடுகிறது. நங்கூரத்தைப் பலரும் வெறும் எடைக்கல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கலப்பை மாதிரி. தரையோடு தரையாக இழுத்தால் மண்ணுக்குள் புதையும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால்தான் சங்கிலியைத் தாராளமாக விட வேண்டும். கடலடியிலிருந்து படகின் மூக்கு வரை 6 மீட்டர் உயரம் என்றால், 18 மீட்டர் சங்கிலி விறைக்கும்போது இழுப்பின் கோணம் சுமார் 19 பாகை; 42 மீட்டர் விட்டால் 8 பாகைதான். விறைத்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்தால் சேதி தெரியும். பிடித்திருந்தால் அசங்காமல் இருக்கும். நழுவத் தொடங்கினால் கரடுமுரடான சாலையில் வண்டி போவதுபோலக் கை அதிரும்.

புயலில் இதுவும் போதாது, காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறக்குறைய இடது கைப்பக்கம். மையம் சென்னைக்கு வடக்கே கரையேறினால், வாடைக்காற்று மெல்ல மேற்காகத் திரும்பும். நிலம் நமக்குக் கேடயம். தெற்கே கரையேறினால் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என எல்லாமே கடலிலிருந்து வரும். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது, நங்கூரமிட்டிருந்த ஓர் எண்ணெய்க் கப்பல் இழுத்துவரப்பட்டு பெசன்ட் நகர் மணலில் தரைதட்டியது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. பெரிய எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் துறைமுகத்திலிருந்து கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவது இதனால்தான்.

யாட்டுக்கு அந்த வழியும் கிடையாது. அது மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனாலே பெரிது. புயலும் பல நேரம் அதே வேகத்தில், அல்லது அதற்கு மேல் வருகிறது. இயற்கைத் துறைமுகமான திரிகோணமலை ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அதாவது இரண்டு நாள் பயணம். அதுவும் புயல் வரும் திசையை நோக்கியே! ஆகவே, காற்று எழும்பும் முன்பே துறைமுகத்துக்குள் நுழைந்துவிடுவதுதான் என் கணக்கில் உருப்படியான வழி. அப்புறம் பாய்களை அடியோடு கழற்றி உள்ளே வைக்க வேண்டும். சுருட்டிக் கட்டிய பாயும் காற்றுக்குப் பிடிமானம்தான். ஓரங்களில் டயர்களைத் தொங்கவிட வேண்டும்.

கயிறுகளை நாலு பக்கமும் கட்ட வேண்டும், வாடைக்கு மட்டும் அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் சென்னை மேலேயே வந்தபோது, நடுவில் காற்று ஓய்ந்தது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடித்தது.