பிளக் சூடாகிறதா, பாருங்கள்

ஊட்டியில் உறைபனி விழ ஆரம்பித்தால் ஒயர்மேன்களுக்குத் தூக்கம் குறையும். "அண்ணே, ஹீட்டர் போட்டா கருகுற வாடை வருது" என்று ராத்திரியில் போன் வரும். போன வாரம் லவ்டேல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹீட்டர் நன்றாகத்தான் இருந்தது. மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினால், ஒரு துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருக்கிறது. உள்ளே பிளக்கின் பின்னைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி கறுத்து, வாய் பிளந்து கிடக்கிறது.

"எம்.சி.பி. இருக்கே, ஏன் ட்ரிப் ஆகல?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மின்னோட்டம் அளவை மீறினால் தானாகவே அணைந்துகொள்ளும் சுவிட்சுதான் எம்.சி.பி. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. அவர் மகள் பத்தாம் வகுப்பு. அவள் நோட்டிலேயே கணக்கைப் போட்டோம்.

ஹீட்டர் 2000 வாட்ஸ், மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 8.7 ஆம்பியர், ஹீட்டரின் தடை 26.5 ஓம். கவ்வி தளர்ந்த இடத்தில் அரை ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 27 ஓம். தடை கூடினால் மின்னோட்டம் குறையத்தானே செய்யும்? 8.5 ஆம்பியர்தான் ஓடுகிறது. எம்.சி.பி. கவனிப்பது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை. அதன் கணக்கில் இங்கே ஒரு கோளாறும் இல்லை.

அப்புறம் ஜூல் விதி: மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் அங்கே உண்டாகும் வெப்பம் கிடைக்கும். 8.5 × 8.5 × 0.5, சுமார் 36 வாட்ஸ், அதாவது நொடிக்கு 36 ஜூல். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். இந்த 36 வாட்ஸில் ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி சூடேற ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதே வெப்பம் 20 கிராம் பித்தளையில் இறங்கினால்? பித்தளையின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிராம் ஒரு டிகிரி சூடேறத் தேவையான வெப்பம், 0.38 ஜூல். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் நொடிக்கு 4, 5 டிகிரி ஏறும். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் ஊர் மூடுபனி ஈரத்தில் பித்தளையில் பச்சை படியும். தடை இன்னும் கூடும். 2000 வாட்ஸ் ஹீட்டரை 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்த இடத்தில் மட்டும் போடுங்கள். கன்வெர்ஷன் பிளக் வைத்து 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் செருகவே வேண்டாம். பத்து நிமிடம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கை பொறுக்காத சூடு என்றால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய பிளக்கைப் புது சாக்கெட்டில் செருகினால் அதுவும் சீக்கிரமே கருகும்.

அந்த வீட்டில் கம்பளத்துக்கு அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருட்டியபடி கிடந்தது. அங்கேயும் வெப்பம் வெளியேற வழியில்லை. அதையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.