சூப்பர்சார்ஜரில் சிக்கிய சென்சார்: இழுப்பதற்கு முன்

செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0106 (பிரஷர் சென்சாரின் அளவு சரியில்லை என்ற பிழைக் குறியீடு) வந்ததும் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மேலிருக்கும் பிரஷர் சென்சாரில் கைவைப்பது பெங்களூருவில் வழக்கமாகிவிட்டது. பல நேரம் அது தேவையே இல்லாத வேலை. முதலில் சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் அளவைப் பாருங்கள். சென்னையில் 101 கிலோபாஸ்கல் அளவில் காட்டும் நல்ல சென்சார் இங்கே 91 பக்கம்தான் காட்டும். ஊர் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தமே அவ்வளவுதான். "பத்து கம்மியா காட்டுது, சென்சார் போச்சு" என்று ஒருவர் சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையிலேயே பழுதென்றால் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐ, ஜாகுவார், லேண்ட் ரோவர் சூப்பர்சார்ஜ்டு வி6, வி8 போன்றவற்றில் இன்ஜின் ஆவியோடு வரும் எண்ணெய்ப் படிவு, சென்சாரைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைச் சுற்றிக் கோந்தாக இறுகியிருக்கும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஏறிய சூட்டில் சென்சாரின் பிளாஸ்டிக்கும் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஆகவே சென்சாரைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். காப்பாற்ற வேண்டியது அது உட்கார்ந்திருக்கும் துளையையும் உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் ரோட்டர்களையும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சுற்றியுள்ள மண்ணை வாக்குவம் வைத்து எடுங்கள். காற்றடித்தால் இண்டு இடுக்கில் போய்ச் சேரும். கனெக்டர், போல்ட் இரண்டும் வந்த பிறகு மேலே இழுக்காமல், இடமும் வலமுமாக இரண்டு மூன்று டிகிரி திருப்பிப் பாருங்கள். ஒட்டு விட்டால்தான் வரும். அசையவில்லை என்றால் ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, சுற்றியுள்ள அலுமினியத்தைக் கை பொறுக்காத அளவு சூடாக்கி மறுபடி திருப்புங்கள். துருநீக்கி எண்ணெய் விளிம்பில் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். ஓ-ரிங் சிலிகான் ரகமாக இருந்தால் எண்ணெயில் ஊதி இன்னும் இறுகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் காற்றைப் பிடிக்காது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டிரிம் டூல் வைத்துச் சமமாகத் தூக்குங்கள்.

சென்சாரின் தலை உடைந்து, துளைக்குள் இருக்கும் மூக்கு உள்ளேயே நின்றுவிட்டதா? டிரில் போடாதீர்கள், துருவல் அத்தனையும் உள்ளே விழும். மூக்கின் நடுத் துவாரத்தில், மரையில் கிரீஸ் தடவிய செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவைக் கையால் மூன்று நான்கு சுற்று மட்டும் ஏற்றி, பக்கத்தில் வாக்குவம் குழாயை ஓடவிட்டு, பிளையரால் நேராக இழுங்கள்.

வந்த துண்டுகளை வெள்ளைத் துணியில் அடுக்கி, புது சென்சாரோடு ஒப்பிடுங்கள். ஒரு சில்லு குறைந்தாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கிளட்ச் இல்லாத சார்ஜரில் ஸ்டார்ட்டர் சுற்றினாலே பெல்ட் வழியாக ரோட்டர்களும் சுற்றும், அவற்றுக்கிடையே இருப்பது முடியளவு இடைவெளி. ரோட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் என்றால் சில்லு நேரே அதில்தான் போகும். பின்னால் என்றால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கம் போகும். துளைக்குள் விட்டுப் பார்க்கும் சிறு கேமராவான போரோஸ்கோப்பில் தெரியவில்லை என்றால் சார்ஜரை இறக்கத்தான் வேண்டும். செலவுதான், ஆனால் புது சார்ஜர் விலைக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

பொருத்தும்போது துளையைப் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். ஓ-ரிங் தனியாக வாங்குவதானால் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வெர்னியர் அளவோடு வைட்டான் (எண்ணெயும் சூடும் தாங்கும் ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள். அதன்மேல் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு தடவல் போதும். சிலிகான் பேஸ்ட் போட்டால் ஆக்ஸிஜன் சென்சார் கெடும் ஆபத்து உண்டு. போல்ட்டை சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு மேல் இறுக்காதீர்கள். பிளாஸ்டிக் காது வெடித்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் விசில் சத்தம் வருகிறதா, பி0299 (சார்ஜர் தரும் காற்றழுத்தம் போதவில்லை என்ற குறியீடு) எழுகிறதா? ஓ-ரிங் மடங்கி உட்கார்ந்திருக்கும். உடனே கழற்றி மாற்றுங்கள். இந்த முறை கையாலேயே வரும்.