எதில் கால்? எதன்மேல் பத்து சதவீதம்?

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு சீசனில் லாரி லாரியாகப் போவது பெங்களூரா ரகம். கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். கூழின் இனிப்பை ஆலைக்காரர்கள் 'பிரிக்ஸ்' கணக்கில் பேசுவார்கள். 14 பிரிக்ஸ் என்றால் 100 கிலோ கூழில் 14 கிலோ கரைபொருள், பெரும்பாலும் சர்க்கரை. அதே கூழிலிருந்து நீரை ஆவியாக்கி 28 பிரிக்ஸ் அடர்கூழாகவும் விற்கிறார்கள். 14 பிரிக்ஸ் கூழ் 100 கிலோ இருக்கிறது. அதை 28 ஆக்க எவ்வளவு நீர் போக வேண்டும்? மீதி முழுவதையும் நீர் என்றே வைத்துக்கொள்வோம்.

சட்டென்று வரும் விடை 14 கிலோ. நீர் 86 சதவீதத்திலிருந்து 72 ஆகிறது, வித்தியாசம் 14 என்று மனம் கழித்துவிடுகிறது. சரியான விடை 50 கிலோ. ஆவியாகாமல் அப்படியே இருப்பது 14 கிலோ கரைபொருள் மட்டும்தான். அது புது எடையில் 28% என்றால், புது எடை 14 × 100 ÷ 28 = 50. முன்பு சொன்ன 86% நூறு கிலோவின் மேல். பின்னால் வந்த 72% ஐம்பது கிலோவின் மேல். வெவ்வேறு மொத்தத்தின் மேல் நிற்கும் இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிளஸ் டூ மாணவர்கள் வகையீடு, தொகையீடு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்பில் படித்த பின்னத்தையும் சதவீதத்தையும் 'தெரிந்ததுதானே' என்று தாண்டிவிடுகிறார்கள். மதிப்பெண் கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான். பெருக்கல் தெரியாததால் அல்ல, 'எதில்?' என்ற கேள்வியைக் கேட்காததால். கணக்கைத் தொடும் முன் ரஃப் தாளின் ஓரத்தில் 'மொத்தம் = ?' என்று எழுதிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஐந்து விநாடிதான் ஆகும்.

பின்னத்தில் திரும்பிப் பார்க்க வேண்டியது குறைவு. கூட்டலுக்கு ஒரே பகுதி வேண்டும், ஏனென்றால் துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் எண்ண முடியும். 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியவர், 2/7 என்பது 1/3-ஐ விடச் சிறியது என்று கவனித்திருந்தாலே தப்பு தெரிந்திருக்கும். மீ.சி.ம. 12, விடை 7/12. வகுத்தல் என்றால் 'எத்தனை முறை?' என்று கேட்பது: 3 லிட்டர் பாலில் முக்கால் லிட்டர் எத்தனை முறை போகும்? நான்கு. தலைகீழாக்கிப் பெருக்கும் விதி சொல்வதும் அதையேதான். ஒப்பிடக் குறுக்குப் பெருக்கல் போதும்: 7/11, 9/14 இரண்டில் எது பெரிது? 7 × 14 = 98, 9 × 11 = 99; ஆகவே 9/14. எழுத்துகள் வரும்போது மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. (x + 3)/x என்பதில் x-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதுகிறார்கள். தொகுதி முழுவதும் பெருக்கலாக இருந்தால்தான் அடிக்கலாம். இங்கே கூட்டல் இருக்கிறது. x = 1 என்று போட்டால் 4 வரும், 3 வராது.

அடுத்து, பின்னத்தைச் சதவீதமாகவும் சதவீதத்தைப் பின்னமாகவும் பார்த்தவுடன் மாற்றும் பழக்கம். 1/2 முதல் 1/12 வரையும், அதோடு 1/15, 1/16, 1/20-உம் மனப்பாடமாக வேண்டும். தமிழில் இதில் பாதி நமக்கு ஏற்கனவே வாய்ப்பாடமாக இருந்தது. மா என்றால் 1/20, அதாவது 5%. அரைக்கால் 12.5%. வீசம் எனும் மாகாணி 1/16, அதாவது 6.25%. காணி 1/80, அதாவது 1.25%. முந்திரி 1/320, அதாவது 0.3125%. முந்திரி முதல் முக்கால் வரை இவை எல்லாமே தசமத்தில் மீதியின்றி முடிந்துவிடும், ஏனென்றால் 320-இன் பகாக் காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே. 10-இன் பகாக் காரணிகளும் அவையே. பகுதியில் 3, 7, 11 என்று வேறு பகா எண் ஒட்டிக்கொண்டால் தசமம் முடியாமல் சுழலும். 1/3 = 33⅓%, 1/7 = 14 2/7%, 1/9 = 11 1/9%, 1/11 = 9 1/11%. இவற்றைத் தசமமாக்கக் கூடாது, பின்னமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் 648-இன் 37.5 சதவீதம் கேட்டால், அதை மூன்று அரைக்கால் என்று பார்ப்பவருக்கு 648 ÷ 8 = 81, 81 × 3 = 243, வேலை முடிந்தது.

விகிதத்துக்கு ராகிக் களியை எடுத்துக்கொள்வோம். நொய் ஒரு பங்கு, ராகி மாவு மூன்று பங்கு என்றால் விகிதம் 1 : 3. நொய், மாவின் அளவில் மூன்றில் ஒன்று; மொத்தத்தில் கால். கேள்வித்தாள் 'கலவையில் நொய் எவ்வளவு?' என்று கேட்டால் 1/4; 'மாவோடு ஒப்பிட்டால்?' என்றால் 1/3. இரண்டு விடையும் நான்கு தெரிவுகளில் கட்டாயம் இருக்கும், கேள்வி தயாரிப்பவருக்கு அந்தத் தப்பு முன்கூட்டியே தெரியும். இரண்டு விகிதங்களை ஒட்டும்போது நடுவில் நிற்பதைச் சமமாக்க வேண்டும்: அ : ஆ = 2 : 3, ஆ : இ = 4 : 5 என்றால் ஆ-வை 12 ஆக்க, 8 : 12 : 15 வரும். மொத்தப் பங்கு 35. மூவருக்கும் 70 சென்ட் நிலம் பிரித்தால் 16, 24, 30.

ஏற்ற இறக்கக் கணக்கில் பழைய பொறிதான் மறுபடி. ராயக்கோட்டை மண்டியில் ஒரு கிரேட் தக்காளி 400 ரூபாயிலிருந்து 500 ஆனால் ஏற்றம் 25%. 500 திரும்ப 400 ஆனால் இறக்கம் 20% மட்டுமே, ஏனென்றால் இப்போது மொத்தம் 500. பொதுவாக, 1/n ஏறியது பழைய இடத்துக்கு வர 1/(n + 1) இறங்க வேண்டும். 20% ஏறி 20% இறங்கினால் 1.2 × 0.8 = 0.96, அதாவது 4% நட்டம். சதவீதத்தைக் கூட்டாமல் பெருக்குக் காரணியாக மாற்றும் இந்தப் பழக்கம் கூட்டுவட்டியிலும் அப்படியே உதவும். தேர்ச்சி விகிதம் 40-லிருந்து 50% ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 25% வளர்ச்சி. கேள்வியில் 'புள்ளி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனா நகர வேண்டும்.

சராசரியிலும் இதே கதை. 40 பேர் கொண்ட வகுப்பில் 90% தேர்ச்சி, 160 பேர் கொண்ட வகுப்பில் 70% என்றால் மொத்தம் 80% அல்ல. 36 + 112 = 148 பேர், 200-இல் 74%. பெரிய கூட்டம் சராசரியைத் தன் பக்கம் இழுக்கும். இந்த இழுப்பைத் திருப்பிப் போட்டால் கலவைக் கணக்கு கிடைக்கிறது. 14 பிரிக்ஸ் கூழையும் 28 பிரிக்ஸ் அடர்கூழையும் கலந்து 18 ஆக்க வேண்டும். 14-க்கும் 18-க்கும் தூரம் 4. 28-க்கும் 18-க்கும் தூரம் 10. தூரங்களை மாற்றி வைத்தால் 10 : 4, சுருக்கினால் 5 : 2. சரிபார்ப்போம்: 5 × 14 + 2 × 28 = 126; 7 பங்குக்கு 18. மாற்றி வைப்பதற்குக் காரணம் எளிது: இலக்குக்கு அருகில் இருப்பது அதிகமாகச் சேர வேண்டும். இந்தக் காரணம் புரியாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் 2 : 5 என்று எழுதிவிடுகிறார்கள்.

கொஞ்சம் கடினமான தேர்வுகளில் நீளமும் கொள்ளளவும் கலந்த கேள்வி வரும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழு மட்டம் 52 அடி. 39 அடி இருக்கிறது என்றால் 39/52 = 3/4. மட்டத்தில் முக்கால்தான், நீரில் முக்கால் இல்லை. பள்ளத்தாக்கு அடியில் குறுகி மேலே விரிவதால் மேல் அடிகளில்தான் அதிக நீர் நிற்கும். குறுக்குவெட்டு மட்டும் 'வி' வடிவம் என்று எடுத்தால் (3/4)² = 9/16, சுமார் 56%. மட்டம் இறங்க நீர்ப்பரப்பின் நீளமும் அதே விகிதத்தில் சுருங்கும் என்று எடுத்தால் (3/4)³ = 27/64, சுமார் 42%. உண்மையான அணையின் தரை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆனால் தேர்வுத்தாளில் முனை கீழே இருக்கும் கூம்பு வடிவத் தொட்டியைக் கொடுத்து 'முக்கால் உயரத்துக்கு நீர்' என்றால், கேட்பது இந்த 27/64-ஐத்தான்.

தினமும் இருபது நிமிடம், மூன்று வாரம் போதும். முதல் வாரம் மாற்று அட்டவணை, இரண்டாவது வாரம் விகிதமும் கலவையும், மூன்றாவது வாரம் கடிகாரம் வைத்துக் கலப்புக் கேள்விகள். தப்பான ஒவ்வொரு கணக்கையும் திரும்ப எழுதும்போது விடையை எழுதுவதற்கு முன் எந்த மொத்தத்தை எடுத்தோம், எதை எடுத்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

ஊகித்து எழுதலாமா என்பதும் ஒரு பின்னக் கணக்குதான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வில் சரிக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது 1/4 × 5 − 3/4 × 1 = 1/2. தப்பான இரண்டை நீக்கிவிட்டுத் தொட்டால் 1/2 × 5 − 1/2 × 1 = 2.